ஜீன்ஸுக்குப் பெரும்பொழுது வகுத்தல்

நிலங்களுக்குரிய கருப்பொருள்களை வகுக்கப் புகுந்து, தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் பறையையும் பெயர் சொல்லி எண்ணிய தொல்காப்பியர், உடையை மட்டும் ஏன் எண்ணாமல் விட்டார் என்ற சந்தேகம் உரையாசிரியர்களுக்கு எழவில்லை. எழுந்திருந்தால், அவர் இறுதியில் ‘பிறவும்’ என்று திறந்து வைத்த வாயில் வழியே அதை உள்ளே அழைத்து வந்து, இன்ன நிலத்தார் இன்ன பொழுதில் இன்ன கால்சட்டை தரிக்கக் கடவர் என்று அவர்களே விதித்திருப்பார்கள். நமக்கும் இந்தச் சிரமம் இராது. அவர்கள் விட்ட குறையை நிரப்ப முயலும் இவ்வாராய்ச்சிக்கு எலவனாசூர்கோட்டையே களம்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், தியாகதுருகத்துக்கு முன்னால் உள்ள இவ்வூரின் அர்த்தநாரீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவை ஜீன்ஸைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன என்பதை ஆராய்ச்சி தர்மத்தை முன்னிட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் நிலவியல்பே. நெல்லும் கரும்பும் சூழ்ந்திருப்பதால் இது மருதம். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியே பஸ் ஏறி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இறங்கினால் அது குறிஞ்சி. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது. மருதத்துக்கோ ஆறு பொழுதும் உரியன என்பது நாற்கவிராச நம்பியின் முடிபு. அந்த விதியை இவ்வூர் இளைஞர்கள் ஒரே ஜீன்ஸைக் கொண்டு வருஷம் முழுவதும் காப்பாற்றி வருவது, இலக்கணத்தில் அவர்களுக்குள்ள பக்தியைக் காட்டுகிறதேயன்றிச் சரீர சௌகரியத்தில் உள்ள அக்கறையைக் காட்டவில்லை.

ஜீன்ஸ் அந்நிய வஸ்திரம், அதற்குத் தமிழ்ப் பொழுது வகுப்பது தகாது என்று பூர்வபட்சி ஆட்சேபிக்கலாம். நெவாடா மாகாணத்து ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், உழைப்பாளிகளின் பைகள் கிழியும் இடங்களில் செப்பு ரிவெட் அடித்துப் பார்த்ததும், துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸோடு கூட்டுச் சேர்ந்து 1873 மே 20-ஆம் தேதி காப்புரிமை பெற்றதும் மெய்தான். ஆனால் நீலம் யாருடையது? இவ்வூர் நெடுங்காலம் அடங்கியிருந்த தென்னார்க்காடு ஜில்லா பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுரிச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. அண்டையிலுள்ள புதுச்சேரியிலிருந்து அவுரி தோய்த்த நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய், அங்கே கோந்து வியாபாரத்தில் நாணயமாகவே செலாவணியாயிற்று. 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தபின் அவுரித் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டன. ஆகவே ஜீன்ஸ் இங்கே வந்ததை நீலம் ஊர் திரும்பியதாகவே கொள்ள வேண்டும். இடையில் அது ரசாயனமாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

இனிப் பிரமாணம். டெனிமில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. ஊடை மூன்று பாவு நூல்களின் அடியில் மறைந்து ஒன்றின்மேல் எழுவதால்தான் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளுப்பாகவும் இருக்கிறது. இத்துணியைச் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று நிறுப்பது வழக்கம். 14 அவுன்ஸ் கனத்தது, எட்டுக்குக் கீழே இலேசு. ருதுவை நிர்ணயிக்கத் தக்கது இந்த எடை ஒன்றே. ஆயினும் கடைக்குப் போகிறவர் ஸ்கின்னியா, பூட்கட்டா, பேகியா என்று காலின் அகலத்தை விசாரிக்கிறாரே ஒழிய, எடையை விசாரித்து நாம் கேட்டதில்லை. விசாரித்தாலும், எடை போட்டு விற்க இதென்ன கத்தரிக்காயா என்ற பதிலே கிடைக்கும்.

கால் அகல விவகாரம் இறுதியாகத் தீர்வது ஆல்டர் செய்யும் தையற்காரரிடம். “அண்ணே, முழங்காலுக்குக் கீழ இன்னும் ரெண்டு நூல் புடிங்க” என்று பையன் கேட்கிறான். “புடிக்கலாம் தம்பி, பாதம் உள்ள போவணுமில்ல?” என்று சொல்லிக்கொண்டே அவர் ஜீன்ஸை உள்வெளியாகத் திருப்பி, சாக்குக் கட்டியால் கோடு இழுத்து, அடிமடிப்பில் பக்கத்தையல் சந்திக்கும் முடிச்சு வரும்போது மட்டும் மிஷினை நிறுத்தி, அந்த இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டித் தட்டையாக்கிய பிறகே பெடலை மெல்ல மிதிக்கிறார், தட்டாமல் ஓட்டினால் ஊசி முறியும். இவ்வளவு பாடுபட்டு இறுக்கிய கால், சித்திரை வெயிலில் காற்றை உள்ளே விடாது; கலியாணப் பந்தியில் பாய்மேல் சம்மணமிட விடாது; மழை நாளில் முழங்கால் வரை மடித்துவிடவும் இசையாது. பூட்கட்டோ ஐப்பசிச் சேற்றைத் தெருத் தெருவாகப் பெருக்கி வீட்டுக்குள் கொண்டு வரும். ஆதலின் இளவேனிலுக்கும் முதுவேனிலுக்கும் இலேசான, தளர்ந்த கால். காருக்கும் கூதிருக்கும் மடிக்கத்தக்க ஸ்ட்ரெயிட். மார்கழி விடியலில் மொபெட்டில் பால்கேனோடு போகிறவருக்கும் வெள்ளிமலைக்கு ஏறுகிறவருக்கும் 14 அவுன்ஸ். பேகியைப் பற்றி நாம் கருத்துச் சொல்வதற்கில்லை. கருத்துச் சொல்லுமுன் அதன் பாணி மாறிவிடுகிறது.

இவ்வளவு தெளிவான நெறியைக் குலைப்பது தீபாவளி. ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை கொட்டும் சமயத்தில், ஊர் முழுவதும் ஜீன்ஸ் வாங்குகிறது. ஆகவே அதன் முதல் சலவை மழைக்குள் விழுகிறது. வாளியில் இறங்கிய நீலம் தாயாரின் வெளிர்ப் புடவையையும் தந்தையாரின் வேட்டியையும் பேதமின்றித் தழுவுகிறது. பிறகு காயப்போடும் படலம்: முதல் நாள் இடுப்பு மேலாக, மறுநாள் கால் மேலாக, மூன்றாம் நாள் உள்வெளியாகத் திருப்பிப் பைகளை நாக்குப்போல் வெளியே இழுத்துவிட்டு, அப்பொழுதும் இடுப்புப்பட்டியும் பையின் அடியும் ஈரமே. நாலாம் நாள் ஒரு வாடை எழும். இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டி அதை அடக்குமே தவிர அழிக்காது.

பரிகாரம் உண்டு. ஆடித் தள்ளுபடியில் வாங்கி, ஆடிக் காற்றில் இரண்டு முறை அலசி நீலத்தை இறக்கி, தீபாவளிக்குத் தயாராக வைக்கலாம். “அலசுனப்புறம் அது என்னடா புதுத்துணி?” என்று வீட்டில் எழும் கேள்விக்கும் சமாதானம் இருக்கிறது: நாலு முழ வேட்டி ஒன்று வாங்கி, மூலையில் மஞ்சள் தடவி, எண்ணெய் ஸ்நானம் ஆனதும் அதை ஒரு மணி நேரம் உடுத்தி விதியை நிறைவேற்றிவிட்டு, வெடி வெடிக்கப் போகையில் ஆடி ஜீன்ஸுக்கு மாறிக்கொள்வதை எந்த சாஸ்திரமும் தடுக்கவில்லை. தெருவில் தண்ணீர் நிற்குமாதலால் அது ஸ்ட்ரெயிட்டாக இருப்பது உத்தமம்.