தேய்க்காதீக மாப்ளே!

ஏன் மாப்ளே, டெக்சாஸ்ல பழைய பட்டாளத்துத் துப்பாக்கி ஒண்ணு வாங்கிட்டீகளாம்ல? மக போன்ல சொன்னா. சொன்ன தொனியில சந்தோசம் கம்மிதான், அதை விடுங்க. போட்டோவைப் பாத்தேன். லீ என்ஃபீல்டு .303, வங்காளத்து இச்சாப்பூர் ஃபேக்டரியில செஞ்சது. நம்ம ஊரு கழிச்சுக் கட்டினதைக் கப்பல்ல வரவழைச்சு, டாலர் எண்ணிக் குடுத்து வாங்கியிருக்கீக. படிச்ச மாப்ளைன்னு நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்.

அதுல பெரும வேற, "ஆன்ட்டிக் பீஸ் மாமா"ன்னு. மாடல் 1907-ல வந்ததுதான், இல்லேங்கல. ஆனா உத்தரப்பிரதேசத்துப் போலீஸ்காரங்க அதுக்கு விடை குடுத்ததே 2020 குடியரசு தினத்தன்னைக்கு. நேத்து வரைக்கும் டூட்டி பாத்ததை இன்னைக்குக் கண்ணாடிப் பெட்டியில வைக்கிறீக! ஆயுதப்படையில நானும் இந்த த்ரீ நாட் த்ரீயத் தோள்ல சுமந்தவன்தான். இங்க அது பொதுசனத்துக்குத் தடை பண்ணின ரகம். ஆசைக்கு ஒண்ணு வச்சிருந்தா மாமியார் வீடுதான். உங்களுக்கு அந்தக் கவல இல்ல, மாமனார் தொல்ல மட்டும்தான்.

சரி, வாங்கியாச்சு. அடுத்து என்ன செய்வீகன்னு எனக்குத் தெரியும். உப்புத்தாள் எடுத்துக் கட்டையத் தேய்ப்பீக. வார்னிஷ் அடிப்பீக. எம்மவ அதுல முகம் பாத்துத் தல சீவுற அளவுக்குப் பளபளப்பு ஏறும். கட்டையில குத்தியிருந்த பழைய முத்திரையெல்லாம் மாவாக் கீழ கொட்டியிருக்கும். பெறகு ஒருத்தன் வந்து பாதி வெலைக்குக் கேப்பான். மீதிப் பாதி உங்க ஒழைப்புக்குக் கழிவு!

முன்கட்டையில குறுக்க ஒரு திருகாணி தெரியுது பாருங்க, எவனோ ஒட்டுப் போட்டிருக்கான்னு புடுங்கிறாதீக. கட்ட பொளக்காம இருக்க இச்சாப்பூர்லயே முறுக்கினது. அதப் பாத்தாலே இச்சாப்பூர் கை பட்டதுன்னு தெரிஞ்சவன் சொல்லுவான்.

தோட்டாவ உள்ள தள்ளிப் பூட்டுற போல்ட் அழகா இல்லேன்னு வேற ஒண்ணு வாங்கி மாட்டவும் வேண்டாம். போல்ட்டுல ஒரு நம்பர், பாடியில ஒரு நம்பர். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். உங்களுக்கும் எம்மவளுக்கும் ஜாதகம் பாத்த மாதிரி, ஃபேக்டரியில பொருத்தம் பாத்துச் சேத்து வச்சது. மாத்திப் போட்டு, போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவுல எடம் கூடிப்போச்சுன்னா, சுடுறப்பப் பித்தளக் கூடு கிழிஞ்சு சூட்டுக் காத்து உங்க முகத்துக்கே திரும்பும். சுடுற ஆச இருந்தா மொதல்ல துப்பாக்கி பழுது பாக்குற ஆர்மரர்கிட்டக் குடுத்து அளந்துக்கங்க.

பழைய தோட்டா சுட்டீகன்னா குழாய்க்குள்ள வெந்நி ஊத்திக் கழுவணும். சிரிக்காதீக. அந்தக் காலத்துத் தோட்டா பிரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடிச்சா உப்பாப் படியும், உப்பு காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், ராவோட ராவாத் துரு ஏறும். எண்ணெய எவ்வளவு ஊத்தினாலும் உப்புக் கரையாது, தண்ணிக்குத்தான் கரையும். நல்லாக் காஞ்சதும் துணி கட்டின புல்த்ரூ கயித்தக் குழாய்க்குள்ள போட்டு இழுத்து, லேசா எண்ணெ காட்டினாப் போதும். கட்டைக்குக் கையால கொஞ்சம் ஆளிவிதை எண்ணெ. தோல் உறைக்குள்ள போட்டுப் பூட்டி வைக்காதீக, ஈரத்தப் புடிச்சு வச்சுக்கும். பேரன் கைக்கு எட்டாத பூட்டுப் பெட்டி வாங்குங்க. தூக்குறப்ப எல்லாம் போல்ட்ட இழுத்து உள்ள காலியான்னு பாருங்க.

அவ்வளவுதான் பராமரிப்பு. மீதியெல்லாம் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிற வித்த. கல்யாணத்தன்னைக்கு மாலையப் போட்டதும் வாட்ச்சப் பாத்த ஆளு நீங்க, அது கஷ்டம்தான். கை ரொம்ப அரிச்சா, சீர்ல குடுத்த பித்தளக் குத்துவிளக்கு அங்க கறுத்துக் கெடக்காம். உக்காந்து தேயுங்க. எவ்வளவு தேச்சாலும் அதோட வெல கொறையாது, வீட்டுல உங்க வெலயும் கொஞ்சம் ஏறும்.