வீறாப்புக்கு வட்டி

வீட்டுக்காரர் விட்டுப்போன கடனையெல்லாம் அடைத்துவிட்டேன் என்று பாலக்கோட்டில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. “நாணயமான பொம்பள” என்று உரக்கடையில் யாரோ சொன்னது தற்செயலாகக் காதில் விழுந்தது. தற்செயலாக இல்லை, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நின்று கேட்டேன். அந்தப் பெயருக்கு நான் கட்டிய வட்டியை யாரும் விசாரிக்கவில்லை. என் தையற்கடையில் இன்றைக்குக் கூட்டம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அவர் தக்காளிக்காரர். குத்தகை நிலம். ஒரு நடவில் பெட்டி நல்ல விலைக்குப் போகும். அடுத்த நடவில் பறிகூலிக்கே கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். நாற்றுக்கு ஒருவரிடம், குச்சிக்கும் சணலுக்கும் இன்னொருவரிடம், மருந்துக்கு உரக்கடையில் என்று வாங்கிக்கொண்டே இருப்பார். கேட்டால், “அடுத்த நடவுல அடைச்சிரலாம், விடு” என்பார். 2018 ஆடியில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 2023 ஜூலையில் ஊரெங்கும் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. கால் கிலோ வாங்கிவந்து அவர் போட்டோ முன்னால் வைத்து நாலு வார்த்தை திட்டினேன். இவ்வளவு அவசரப்பட்டுப் போயிருக்க வேண்டுமா?

காரியத்தன்று பந்தலில் ஒருவர் என் கொழுந்தனாரை ஓரமாக அழைத்துப் போய் ஏதோ மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதை மெதுவாகவே விட்டிருக்கலாம். என் ஓரகத்தி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே எழுந்து நின்று, “அவரு யாருக்கு எவ்வளவு தரணுமோ சொல்லுங்க. ஒத்தப் பைசா விடாம நான் குடுப்பேன்” என்றேன். சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் இடைவேளை விட்டிருப்பார்கள். பந்தலிலோ, கேட்க நினைத்திராதவர்களுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மோட்டார் ரிப்பேருக்கு என்று ஒருவர் சொன்ன தொகையை இன்றுவரை நான் நம்பவில்லை. ஆதாரம் கேட்டால் சின்னத்தனமாகத் தெரியுமே என்று அதையும் ஒத்துக்கொண்டேன்.

பெரிய கடன் புரோ நோட்டில் இருந்தது. 2016 ஏப்ரலில் வாங்கிய 40,000 ரூபாய், ரெண்டு ரூபாய் வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். மாதம் 800, வருஷம் 9,600. நாலு வருஷம் ரெண்டு மாசத்தில் வட்டியே அசலைத் தொட்டுவிடும். கொடுத்தவர் எங்களுக்கு மாமா முறை. 2019 மார்ச்சில் கடைக்கு வந்தார். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் படிப்பு எப்படி, கரண்டு பில் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு எழுந்தார். கேட்காமல் போகிறாரே என்று எனக்குத்தான் உறுத்தியது. “மாமா, இருங்க” என்று கல்லாவிலிருந்து 500 ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். கேட்காதவர் எதற்கு அதைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார் என்று அப்போது தோன்றவில்லை. பின்பக்கத்தில் தேதி போட்டு, ‘ரூ. 500 வட்டி வகையில் செலுத்தினேன்’ என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து ரவிக்கை அளவு கொடுக்க வந்த வக்கீலம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கையைத் தூக்கியபடியே சிரித்தார். புரோ நோட்டுக்கு ஆயுள் 3 வருஷம். அது முடிவதற்குள் பணம் கட்டி, கட்டியதற்குக் கைப்பட எழுத்தும் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் என்பது 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம். ஏப்ரலில் செத்திருக்க வேண்டிய காகிதத்துக்கு மார்ச்சில் நான் உயிர் கொடுத்திருக்கிறேன். “அது மட்டுமில்லக்கா, செத்தவரோட கடனுக்கு அவரோட சொத்து உங்க கைக்கு வந்த அளவுக்குத்தான் நீங்க பொறுப்பு” என்றார். வீடு மாமியார் பேரில். வீட்டுக்காரர் எனக்கு வைத்துவிட்டுப் போனது ஒரு டிவிஎஸ் 50, ஒரு மருந்தடிக்கிற பம்பு. பம்பு ஒழுகும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது திருந்தினேனா? அடுத்த தடவை மாமா வந்தபோது 1,000 கொடுத்து, இன்னும் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டம் படித்துக்கொண்டு ஏமாற்றப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டால்?

இதில் கூடுதல் அவமானம், நான் எங்கள் மகளிர் குழுவின் ஊக்குநர். தமிழ்நாட்டில் அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்ததே எங்கள் மாவட்டத்தில்தான். 1989இல், ஐக்கிய நாடுகள் சபையின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் எங்களோடு இருந்தது. வட்டிக்காரர் வாசலுக்குப் பெண்கள் போகக் கூடாது, தங்களுக்குள் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்த வரலாற்றை நான்தான் சொல்வேன். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து 2003இல் சட்டம் வந்தது என்பதையும் விரல்விட்டுச் சொல்வேன். ஒரு செவ்வாய்க்கிழமை இப்படிப் பேசி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு நேராகக் கடையின் பின்கதவுக்கு ஓடினேன். தண்டல்காரர் பைக்கை அணைக்காமல் நின்றிருந்தார்.

தவணைக்கு ஒரு நாள் தாமதித்தால் 10 ரூபாய் அபராதம் என்று தீர்மான நோட்டில் எழுதியவளும் நானே. யாருக்கு வந்தாலும் கறாராக எழுதுவேன்; என் தவணை தாமதமானால் மட்டும் பேனா எழுதாது. குழுவில் ஒரு பெண் ஒருநாள், “அக்காவுக்கு மட்டும் எப்பவும் தேதி சரியா இருக்குது” என்றாள். பாராட்டா வேறெதுவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நகைக் கதை சுருக்கமானது, ஆனால் இன்னும் எரிகிறது. 2020இல் செயினையும் வளையல்களையும் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தேன். சரியாக 5 பவுன், 40 கிராம். உரக்கடைப் பாக்கிக்கு அந்தப் பணம் கொஞ்சம் போதவில்லை. “அவளால எங்க கட்ட முடியும்” என்று அங்கே யாரோ பேசியது என் காதுக்கு வந்திருந்தது. (என் காது எப்படிப்பட்டது என்று முன்பே சொல்லிவிட்டேன்.) சங்கத்திலேயே நின்று காதிலிருந்த 3 கிராம் தோட்டையும் கழற்றிச் சேர்த்து வைத்துவிட்டு, வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு போய் மொத்தப் பாக்கியையும் கல்லாவில் வைத்தேன். மீதிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை. 2021 நவம்பரில் அரசாணை வந்தது: கூட்டுறவு நகைக் கடன் 5 பவுன் வரை தள்ளுபடி. 40 கிராமுக்கு மேலே இருந்தால் ஒன்றுமே இல்லை. 40 வரைக்கும் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கட்டச் சொல்வார்கள் என்று நினைத்து ஸ்வீட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த பெண்ணிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு வட்டியைக் கட்டிவிட்டு வந்தேன்.

அந்த நகையை உடனே திருப்பவும் இல்லை. தங்கம் விலை ஏற ஏற, அதே நகைக்கு மறு அடகில் கூடுதலாகப் பணம் கிடைத்தது. வருஷா வருஷம் வட்டியைக் கட்டிவிட்டு, ஏறிய தொகையையும் வாங்கி வந்து வேறொரு கடனைக் கட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரு கடன் தீர்ந்ததாக ஊரில் பேச்சு. நகை மூழ்காமல் இருந்தது பள்ளிச் சீருடை சீசனால்தான்.

ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு மனுக் கொடு என்று நாத்தனார் படித்துப் படித்துச் சொன்னாள். கிடைத்திருக்குமோ என்னவோ, கொடுக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வரிசையில் ஓரகத்தி பார்த்துவிட்டால்? மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் வெட்கப்படவில்லை. அதற்கான விண்ணப்ப முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்ததே எங்கள் தொப்பூரில்தான். எங்கள் ஊர் முகாமில் ஓரகத்தியே எனக்கு முன்னால் நின்றிருந்தாள். அந்தத் தொகை மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்த பிறகுதான் மாமா கடனில் அசல் குறையத் தொடங்கியது. இதை நாணயக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, நானும் ஞாபகப்படுத்துவதில்லை.

போன தை மாதம் கடைசித் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா புரோ நோட்டை எடுத்தார். பின்பக்கம் முழுக்க என் கையெழுத்து. இன்னொரு தவணை என்றால் எழுத இடமில்லை. குறுக்கே கிழித்து என் கையில் கொடுத்தார். அத்தை காபி கொண்டுவந்தார். “உன்ன மாதிரி ஒரு ஆளப் பாத்ததில்லம்மா. இனி உனக்கு எப்ப வேணும்னாலும் கேளு. ரெண்டு ரூபா இல்ல, ஒண்ணரை ரூபாதான்” என்றார் மாமா.

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. இந்த ஊரில் எத்தனை பேருக்கு ஒண்ணரை ரூபாய்க்குக் கொடுப்பார்கள்? வரும் வழியில் அப்படியே மெஷின் கடையில் ஏறி, ஓவர்லாக் மெஷின் விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன்.