பிடித்த பணம் திரும்பும் பாதை: கும்மிடிப்பூண்டி வட்டார டிடிஎஸ் குறித்து ஓர் ஆய்வு

1. களமும் கருதுகோளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளைப் பற்றி அறிக்கைகள் உண்டு. அங்குள்ள காற்றைப் பற்றி உண்டு, நிலத்தடி நீரைப் பற்றியும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஆடி பிறந்ததும், கவரைப்பேட்டை முதல் ஆரம்பாக்கம் வரை, ஷிப்ட் மாறும் வேளையில் கேட்கும் ஒரு கேள்வியை அறிஞர் உலகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. "என்னாப்பா, ரீஃபண்ட் ஏறிடுச்சா?" என்பதே அக்கேள்வி. 'வந்துச்சா' என்பது பாடபேதம். பொருள் ஒன்றே: டிடிஎஸ் என்று வருமானத்திலேயே பிடித்த வரி திரும்பியதா என்பது.

இக்கட்டுரை அக்குறையைப் போக்க எழுந்தது. இதன் கருதுகோள் எளியது: வரிப்பணத்துக்குப் போகும் வழி தெரியும், திரும்பும் வழி தெரியாது. போகும்போது தானே போய்விடும்; வரும்போது நாம்தான் போய் அழைத்து வர வேண்டும். இதில் வரும் விகிதங்கள், பிரிவு எண்கள், படிவங்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் போய், 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. பழைய 192ஆம் பிரிவு 392 ஆகிறது. 194-க்குப் பின்னால் ஏ, சி, ஐ என்று வால் முளைத்திருந்த பிரிவுகளெல்லாம் 393-இல் அடங்குகின்றன. எண்ணை மனப்பாடம் செய்த ஆடிட்டர்களுக்கு அனுதாபங்கள்.

2. முன்னோர் கண்டவை

பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைப் பிசிராந்தையார் புறநானூற்றில் எடுத்துரைத்தார். எப்படி வாங்குவது என்பதோடு புலவர் நிறுத்திக்கொண்டார். கூடுதலாக வாங்கியதை எந்த வங்கிக் கணக்கில் திருப்பிப் போடுவது என்ற இடத்தில் சங்க இலக்கியம் மௌனம் சாதிக்கிறது. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். அவன் தவிர்த்தது வரவிருந்த சுங்கத்தை. ஏற்கெனவே கட்டியவர்கள் ஓலையும் கையுமாக அரண்மனை வாசலில் நின்றார்களா என்பதைக் கல்வெட்டு அறிஞர்கள் ஆராயலாம்.

வருமானம் கைக்கு வருமுன்பே வரியை எடுத்துக்கொள்ளும் நுட்பத்தை 1803இல் இங்கிலாந்தில் அடிங்டன் அரசு புகுத்தியது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியக் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1860இல் வருமான வரியைக் கொண்டுவந்த ஜேம்ஸ் வில்சன், அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். அமெரிக்காவில் 1943இல் சம்பளப் பிடித்தம் சட்டமானது. அதற்காகப் பெரிதும் வாதாடிய பியர்ட்ஸ்லி ரம்ல், மேசீஸ் என்ற பெரிய ஜவுளி, சாமான் கடையின் பொருளாளர். தவணையில் விற்கும் கடைக்காரருக்குத்தான் தவணையில் வாங்கும் கலை தெரியும். அந்தத் திட்டத்துக்கு உழைத்த பொருளியலாளர் மில்ட்டன் ஃபிரீட்மன் பிற்காலத்தில் அதை நினைத்து வருந்தினார். நம் வட்டாரத்தில் இதுவரை யாரும் வருந்தியதாகத் தகவல் இல்லை.

3. பிடித்தத்தின் இனங்கள்

முதல் இனம் சம்பளப் பிடித்தம். இது கணக்குத் தெரிந்த பிராணி. கம்பெனி ஆண்டு முழுவதற்குமான சம்பளத்தைக் கூட்டி, கழிவுகளைக் கழித்து, தள்ளுபடியையும் பார்த்த பிறகே கை வைக்கும். 2025-26இல் புதிய வரி முறையின்படி ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வரி இல்லை. ஆகவே அந்த அளவுக்குள் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசருக்கு ஒரு பைசா பிடிப்பதில்லை.

பழைய முறையை விடாமல் பிடித்திருப்பவர்களிடம் ஒரு புவியியல் அதிசயம் காணப்படுகிறது. வாடகைப் படிக்கான விலக்கு, குடியிருக்கும் வீடு சென்னையில் இருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம் வரை. வெளியே இருந்தால் 40 வரை. வேலை செய்யும் இடம் கணக்கில் இல்லை. எனவே கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் எங்கோ ஓரிடத்தில் பத்து சதவீதம் ஜன்னல் வழியே விழுந்துவிடுகிறது. மீஞ்சூர், பொன்னேரிவாசிகள் இதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் இனம் காண்டிராக்ட் பிடித்தம். இதற்குக் கணக்குத் தெரியாது. பில் தொகை ஒரே தடவையில் 30,000 ரூபாயையோ ஆண்டில் ஒரு லட்சத்தையோ தாண்டினால் போதும். தனிநபரானால் 1 சதவீதம், கம்பெனி போன்றவை ஆனால் 2 சதவீதம். லாபமா நஷ்டமா என்று கேட்காது. ஆலைக்குள் வெல்டிங், பெயின்டிங் வேலை எடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு பில் போடுகிறார், எல்லாம் வங்கி வழியே வருகிறது. பிடித்தம் 40,000. 44ஏடி பிரிவின் உத்தேசக் கணக்குப்படி அவர் வருமானம் 6 சதவீதம், அதாவது 2,40,000. நான்கு லட்சம் வரை வரியே இல்லை. ஆக, 12 லட்சம் சம்பளக்காரரிடம் பூஜ்யம் பிடித்த நாடு, இரண்டே கால் லட்சத்துச் சொச்சக்காரரிடம் 40,000 பிடித்து வைத்திருக்கிறது.

இங்கே இவ்வாய்வு ஒரு கண்டுபிடிப்பைப் பணிவோடு முன்வைக்கிறது. 2,40,000-இல் 40,000 என்பது சரியாக ஆறில் ஒரு பங்கு. விளைச்சலில் ஆறில் ஒன்று அரசனுக்கு என்று பழைய நூல்கள் விதித்த அதே பங்கு! மரபு அறுபடவில்லை. சிப்காட் கேட்டுக்குள் அது பத்திரமாக இருக்கிறது.

மூன்றாம் இனம் ஸ்கிராப். இரும்புக் கழிவை வாங்குபவரிடம் விற்பவர் 1 சதவீதம் கூடுதலாக வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். உருக்கி உற்பத்திக்குத்தான் வாங்குகிறேன் என்று ஃபர்னஸ் முதலாளி 27சி படிவம் எழுதிக் கொடுத்தால் அவருக்கு அது கிடையாது. ஆலையிடம் வாங்கி ஃபர்னஸுக்கு விற்கும் நடு வியாபாரி உருக்குவதில்லை. ஆகவே அவர்தான் கட்டுகிறார். நான்காம் இனம் லாரி. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் சரக்கு வாடகையில் பிடித்தம் இல்லை. பதினோராவது லாரி வாங்குபவரின் முகத்தில் மகிழ்ச்சியும் கவலையும் கலந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

4. வட்டியின் மூன்று படிகள்

வட்டிக்கடைப் பாஷையில் சொன்னால் இவ்வியலை விளங்கிக்கொள்வது எளிது. பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் வைத்திருக்கும் கம்பெனிக்கு நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. கட்ட வேண்டிய வரியைத் தாமதமாகக் கட்டும் குடிமகனுக்கு ஒரு ரூபாய். குடிமகன் பணத்தைத் தாமதமாகத் திருப்பும் அரசுக்கு ஐம்பது பைசா. படி இறங்க இறங்க மரியாதை ஏறுகிறது.

அந்த ஐம்பது பைசாவும் பிடித்த நாளிலிருந்து ஓடாது. உரிய தேதிக்குள் ரிட்டர்ன் போட்டவருக்கு, நிதியாண்டு முடிந்து வரும் ஏப்ரல் 1 முதல் ஓடும். நம் வெல்டிங்காரரிடம் 2025 ஏப்ரலில் பிடித்த பணம் ஓராண்டு சும்மா கிடக்கிறது. தேதி தவறிப் போட்டால் போட்ட நாளிலிருந்துதான் வட்டி. மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவான ரீஃபண்ட் என்றால் வட்டியே இல்லை. இத்தனையும் கடந்து வந்து சேரும் வட்டி, அடுத்த ஆண்டு வருமானத்தில் சேர்ந்து மீண்டும் வரிக்கு உட்படும்.

5. உத்திகளும் பள்ளிகளும்

முன்தடுப்புப் பள்ளியார், போன பிறகு அழைப்பதைவிடப் போகாமல் தடுப்பதே அறிவு என்பர். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று வங்கி வட்டிக்கு 15ஜி படிவம், முதியவரானால் 15எச் எழுதிக் கொடுப்பர். காண்டிராக்டராக இருந்தால் 197ஆம் பிரிவின்கீழ் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிப்பர். ஆடிட்டருக்கு இவர்களைப் பிடிக்கும்; கம்பெனி அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் பிடிக்காது.

சீட்டுப் பள்ளியார் நேர் எதிர். இவர்களுக்குப் பிடித்தம் என்பது சீட்டுக் கட்டுவது போல. கையில் இருந்தால் செலவாகிவிடும், அரசிடம் இருந்தால் மொத்தமாக வரும். தள்ளு இல்லை, ஏலம் இல்லை, சீட்டுக்காரர் ஊரைவிட்டு ஓடிவிடுவாரோ என்ற பயமும் இல்லை. இப்பள்ளி தன் பணத்தையே போனஸாக எண்ணி மகிழும் ஆன்மிக நிலையை எட்டிவிட்டது. இதனோடு தர்க்கம் செய்வதில் பயனில்லை.

சதவீதப் பள்ளி ஆபத்தானது. "எவ்ளோ பிடிச்சிருக்காங்களோ அவ்ளோவும் வாங்கித் தர்றேன், பத்து பர்சன்ட் குடுத்துடுங்க" என்று ஓர் ஏஜென்ட் வருவார். கொடுக்காத நன்கொடை, கட்டாத இன்சூரன்ஸ், வாங்காத கல்விக் கடன் எல்லாம் ரிட்டர்னில் முளைக்கும். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை இத்தகைய பொய்க் கழிவுகளைத் தேடி நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பெயர் சொல்லப்பட்ட மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. மாட்டினால் ஏய்த்த வரியின் இரு மடங்கு அபராதம். ஏஜென்ட்டின் பத்து பர்சன்ட் திரும்பாது; அதற்கு ரீஃபண்ட் படிவம் இல்லை.

பக்திப் பள்ளி நான்காவது. சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனைக் கும்பிட்டு, வீடு அமைந்து, வீட்டுக்கடன் வட்டியில் இரண்டு லட்சம் வரை கழித்துக்கொண்டவர்கள் இதில் மிகுதி. ரிட்டர்ன் போட்டபின் இவர்கள் போனில் போர்ட்டலைத் திறந்து, 'பரிசீலனையில்' என்ற சொல்லைத் தரிசித்து மூடுவார்கள்.

6. வழியில் காணும் தடைகள்

தமிழர்க்கே உரிய தடை இனிஷியல். பான் கார்டு குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அது இல்லாததால் அப்பா பெயர் அங்கே போய் உட்காரும். வங்கியில் பெயர் 'கே. முருகன்', பானில் 'முருகன் கந்தசாமி'. ரீஃபண்ட் 2019 மார்ச் முதல் பானோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும். இருவரும் ஒருவரே என்று கணினியை நம்பவைக்கும்வரை பணம் நடுவழியில் நிற்கும். பான்-ஆதார் இணைப்பு விட்டுப்போனவர் கதை இன்னும் மோசம். 1 சதவீதப் பிடித்தம் 20 ஆகும், ரீஃபண்டும் கிடைக்காது.

அடுத்தது, பிடித்தவர் கட்டாமல் விடுவது. பில்லில் கழித்திருப்பார்கள், 26ஏஎஸ் என்ற வரி வரவுப் பட்டியலில் இருக்காது. அப்படிப் பிடிக்கப்பட்ட வரியை மறுபடி பிடிபட்டவரிடம் கேட்கக்கூடாது என்று 1961 சட்டத்தின் 205ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கேட்கக்கூடாது என்பதுதான் சட்டம். அதற்காக ரீஃபண்ட் கொடுத்தாக வேண்டும் என்று பெங்களூருவில் உள்ள வரித்துறைக் கணினி புரிந்துகொள்வதில்லை. பழைய பாக்கி ஏதேனும் பதிவில் இருந்தால் 245ஆம் பிரிவில் கடிதம் வரும்: உங்கள் பணம் உங்கள் கடனுக்கு.

இதற்கெல்லாம் மேலாக ஒரு தடை 2025இல் பிறக்கவிருந்தது. புதிய வருமான வரிச் சட்டத்துக்கான மசோதாவின் முதல் வடிவத்தில், உரிய தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் ரீஃபண்ட் என்று ஒரு விதி இருந்தது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான தெரிவுக்குழு அதை நீக்கச் சொன்னது. ஆகஸ்டில் வந்த திருத்த மசோதாவில் அது நீங்கியது. ரீஃபண்ட் வரலாற்றில் அரசே ஒரு படி இறங்கி வந்த அரிய தருணம்.

7. கேட்காதவர் இயல்

இதுவரை சொன்னவர்கள் கேட்டவர்கள். ஆய்வு கேட்காதவர்களிடம்தான் முடிய வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, காண்டிராக்டர் பெயரில் உருட்டாலையில் மூன்று, நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஊர் திரும்பும் தொழிலாளி பி.எஃப். பணத்தை எடுக்கிறார். ஐந்தாண்டு நிறையவில்லை, தொகை 50,000-க்குக் குறையவில்லை என்றால் 10 சதவீதம் பிடித்தம்; பான் இல்லாவிட்டால் 20. வரி வரம்பை எட்டாதவர் 15ஜி கொடுத்திருந்தால் பிடித்திருக்கமாட்டார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 31க்குள் ரிட்டர்ன் போட்டால் முழுத்தொகையும் திரும்பும். அதையும் யாரும் சொல்லவில்லை. அந்தத் தேதி போய்விட்டால், பின்னால் போடும் அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியே மனுப் போட வேண்டும். அதற்கும் ஐந்தாண்டுதான் கெடு.

எவ்வளவு பிடித்தோம், யாரிடம் பிடித்தோம் என்பது பிடித்தவரின் கணினியில் பான் எண்ணோடு இருக்கிறது. ரிட்டர்ன் போடப் போர்ட்டலைத் திறந்தால் நம் வங்கி வட்டியை நமக்கு முன்பே அது எழுதி வைத்திருக்கிறது. தெரியாதது ஒன்றுமில்லை. ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: கேட்காமல் பிடிப்பவர், கேட்காமல் கொடுக்கவும் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வரும்வரை, சிப்காட் வட்டாரத்து லேபர் காண்டிராக்டர்கள் ஆளை ஊருக்கு அனுப்பும்போது ரயில் டிக்கெட்டோடு 15ஜி படிவத்தையும் கையில் கொடுப்பார்களாக. அதற்குச் செலவு ஒரு ஜெராக்ஸ் காசு. அந்தக் காசுக்கு யாரும் டிடிஎஸ் பிடிக்க முடியாது.