கம்பி நீட்டியவர்

திருத்தணியில் காலை மின்சார ரயில் ஏறினால் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அளவு டேப் இருக்கும். நகக்கண்ணில் சிமென்ட் இருக்கும். அரக்கோணம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வயலும் பனைமரமும் ஓடும். அதெல்லாம் அவர் கண்ணில் படாது. பாதியில் நிற்கிற வீடுகள் மட்டும்தான் தெரியும். "இவனும் லிண்டலோட நின்னுட்டான், பாருங்க சார்" என்பார். குரலில் அனுதாபம் இருக்கும். அனுதாபத்துக்கு அடியில் லேசாக ஒரு ஆறுதலும் இருக்கும்.

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. இவரைப் புதுவீடு கட்டுகிறவரோடு சேர்த்துவிடக் கூடாது. புதுவீடு கட்டுகிறவர் ஊருக்கு வெளியே மனை வாங்கி, கடன் வாங்கி, வேலை முடிகிறவரை பழைய வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார். நம்மவர் இடித்துக் கட்டுகிறவர். இருக்கிற வீட்டைத் தானே தரைமட்டமாக்கிவிட்டு, அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாடகைக்குப் போய், வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, வீடு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்களே, நம்மவருக்கு அந்த வரிசை மாறிவிட்டது. பெரிய பையனுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்த்ததால்தான் வீட்டைக் கட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒன்றரை சென்ட் மனை. 650 சதுர அடி சொச்சம். மண்சுவர், நாட்டு ஓடு. திண்ணை, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணற்றடி. மருமகள் வந்ததும் கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, பொதட்டூர்பேட்டைத் தறியில் நெய்த புடவை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கு 'ரூம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த ரூமில் யார் தும்மினாலும் திண்ணையில் படுத்திருக்கும் பாட்டி "தீர்க்காயுசு" என்பாள். வருஷம் திரும்புவதற்குள் புடவைக்குப் பக்கத்தில் தூளி தொங்கியது. சின்னவனுக்கும் ஜாதகம் எடுத்தாயிற்று. இனிமேல் கூடத்தில் கயிறு கட்ட இடமில்லை.

ரேஷன் கார்டுப்படி குடும்பம் ஏழு பேர். ஆனால் திருத்தணிக்காரர் வீட்டை ரேஷன் கார்டை வைத்து அளக்க முடியாது. ஆடிக் கிருத்திகையை வைத்துத்தான் அளக்க வேண்டும். நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துச் சொந்தமெல்லாம் மஞ்சள் துணி கட்டி, காவடி தூக்கி, மொட்டை போட்டு, சரவணப் பொய்கையில் முழுகி, 365 படி ஏறி இறங்கி, நேராக நம்மவர் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடும். அந்த ஆடியில் தலை எண்ணியபோது 32. அதில் நாலு பேர் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "வர்றோம்ண்ணா" என்று கிளம்பிப் போனார்கள். அன்று ராத்திரி தெருவில் பாய் போட்டுப் படுத்தபோதுதான் நம்மவர் முடிவெடுத்தார்.

முடிவெடுத்த கையோடு ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரிக்குப் போனார். செங்குன்றம் தாண்டி இருக்கிற அந்த முருகனிடம் ஆறு வாரம் வேண்டிக்கொண்டால் சொந்த வீடு அமையும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. "என்னங்க, ஆறுபடை வீட்டுல ஒரு வீடு உங்க தலைக்கு மேலயே இருக்கு, அதை விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி அங்க போறீங்களே?" என்று கேட்டேன். "இங்க இருக்கறவர் கோபம் தணிஞ்சு ஓய்வெடுக்க வந்தவர் சார். அவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது. வீட்டு டிபார்ட்மென்ட் சிறுவாபுரிதான்" என்றார்.

கோபம் தணிந்த தலம் என்றதும் வடக்குச் சுவர் ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன்னால் எங்கள் ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தி, படாஸ்கர் நடுவில் உட்கார்ந்து பேசி, அதற்கொரு சட்டமும் வந்துதான் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. ஆகவே நம்மவருடைய தாத்தா காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. கடன் கேட்கப் போன இடத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார்கள். மொழிபெயர்ப்பு, கையெழுத்து, முத்திரை என்று இரண்டு மாதம் போனது. அது கிடக்கட்டும். மொழிபெயர்ந்து வந்த பத்திரத்தில் வடக்கெல்லை என்பதற்கு நேரே 'பொதுச்சுவர்' என்று இருந்தது. ஒன்றரை அடி மண்சுவர். இரண்டு தலைமுறையாக அது யாருடையது என்று இரண்டு வீட்டிலும் யாரும் யோசித்ததில்லை. கடப்பாரை விழுந்த அன்று காலை எல்லாரும் யோசித்தார்கள்.

ம.பொ.சி. கேட்டது வேங்கடம் வரைக்கும். நம்மவர் கேட்டது முக்கால் அடி. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாய்மொழி தெலுங்கு, நம்மவருக்குத் தமிழ். எங்கள் ஊரில் இரண்டுமே எல்லாருக்கும் வரும். ஆனாலும் சண்டை முற்றினால் அவர் தமிழில் திட்டுவார், இவர் தெலுங்கில் திட்டுவார். திட்டுவது எதிராளிக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்கிற அக்கறை. ஒன்பது நாள் கழித்து டீக்கடைப் பெரியவர் ஒருவர் படாஸ்கராக வந்து, கயிறு பிடித்து, ஆளுக்கு முக்கால் அடி என்று தீர்த்து வைத்தார். 1960-லும் திருத்தணி சும்மா கிடைத்துவிடவில்லை. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களில் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. இங்கே கிணற்றடி முருங்கைமரம் போயிற்று. இப்போதும் நம்மவர் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் வைத்தால் சாப்பிடும்போது ஒரு நிமிஷம் வடக்கே பார்ப்பார்.

அரசாங்க அனுமதி இவ்வளவு இழுக்கவில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் கணினியிலேயே உடனடி அனுமதி. நம்மவருக்கும் கிடைத்தது. சமையல்கட்டு மேடையின் உயரத்துக்கு வீட்டுக்காரம்மாவின் அனுமதி வாங்கத்தான் மூன்று மாதம் பிடித்தது. மாமியார் உட்கார்ந்து அரிகிறவர், மருமகள் நின்று அரிகிறவர். படத்தில் கோடு போட்ட இன்ஜினியர் பையன் இருவருக்கும் நடுவே நின்று அழித்து அழித்து எழுதினான்.

அவன் எழுதியதையெல்லாம் மனையடி சாஸ்திரம் அழித்தது. படுக்கையறைக்கு ஒன்பதடி அகலம் கிடைத்தது. வாஸ்துக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஒன்பதடி ஆகாது, எட்டு நல்லது, பத்து நல்லது. பத்துக்கு இடமில்லை, முக்கால் அடியை முருங்கையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தாகிவிட்டது. ஆக எட்டு. "ஏங்க, கட்டில் போட்டா கதவு தொறக்காதே?" என்றார் வீட்டுக்காரம்மா. "உள்ள தொறக்கலைன்னா வெளிய தொறக்கட்டும்" என்றார் நம்மவர். இன்றைக்கும் அந்தக் கதவு வெளியேதான் திறக்கிறது. திறக்கிறவர் முதலில் உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிட்டுத் திறக்க வேண்டும். கொடுக்காததால் பாட்டிக்கு ஒரு தடவை நெற்றி புடைத்தது.

வாஸ்து புருஷனைப் பற்றி நம்மவர் ரயிலில் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் வருஷம் பூராவும் தூங்குகிறவர். எட்டே எட்டு நாள்தான் கண் விழிப்பார், அதுவும் மூணே முக்கால் நாழிகை. அதாவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் துலக்க வேண்டும், குளிக்க வேண்டும், பூஜை, சாப்பாடு, தாம்பூலம் எல்லாம் ஆக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 18 நிமிஷம். சாப்பிடும்போதும் வெற்றிலை போடும்போதும் மட்டும்தான் நல்ல மனநிலையில் இருப்பார். அந்த 36 நிமிஷத்துக்குள் மண்வெட்டி மண்ணில் பட்டுவிட வேண்டும். பட்டது.

பட்ட பிறகுதான் ஒரு உண்மை தெரிந்தது. வாஸ்து புருஷனின் கால அட்டவணையை அச்சு அசலாகப் பின்பற்றும் ஒரே மனிதர் மேஸ்திரி. பத்து மணிக்கு வருவார். டீ குடிப்பார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். யாரையாவது கோபிப்பார். வெற்றிலை போடுவார். பிறகு விழிப்பு முடிந்துவிடும். "நாளைக்கு ஆளுங்களோட வந்துடறேண்ணா" என்பார். அழுத்திக் கேட்டால், "தப்பகுண்டா ரேபு வஸ்தானண்ணா" என்று தெலுங்கிலும் சத்தியம் பண்ணுவார். இரண்டு மொழியிலும் நாளைக்கு ஒரு சொல் இருக்கிறது, நாள்தான் இல்லை. லிண்டல் மட்டத்தில் ஒருநாள் முழுசாகக் கம்பி நீட்டிவிட்டார். விசாரித்தால், பைக்கிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு புத்தூருக்குக் கட்டுப் போடப் போயிருக்கிறார் என்றார்கள். எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் வேறு யோசனையே கிடையாது, எல்லை தாண்டிப் புத்தூர்தான். முட்டையும் துணியும் மூங்கில் பத்தையுமாகக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்தவரைப் பார்த்து நம்மவர், "வீட்டுக் கட்டு கேட்டேன், புத்தூர்க் கட்டோட வந்து நிக்கிறியேப்பா" என்றார். ஏழு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தளம் போட்ட நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மிக்ஸர் மிஷின் கத்தியது, சித்தாள்கள் சட்டி கைமாற்றினார்கள், பிரியாணி பத்தவில்லை.

ஆனால் அதற்கு மறுநாளிலிருந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். தளத்தின்மேல் சிமென்ட் கலவையில் சின்னச் சின்ன வரப்பு போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். காய விடக் கூடாது. காய்ந்தால் வெடிப்பு விடும். நம்மவர் விடியற்காலை நாலரைக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி ஏறுவார். பெற்ற பிள்ளைகளை ஒருநாள்கூடக் குளிப்பாட்டாதவர், ஒவ்வொரு பாத்தியாகக் குழாயைப் பிடித்து, விரலால் மறித்து, பூப்போல விடுவார். தண்ணீர் நிறைந்ததும் நிமிர்ந்து நிற்பார். மலைமேல் எரிகிற விளக்கு ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒருநாள் நானும் கூட ஏறினேன். மொத்தம் 28 முருகன் என்று எண்ணிக் காட்டினார். அப்படியே காக்காய் ஒன்று வந்து ஒரு முருகனைக் கலக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தது.

மாடிப்படி 17. ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமாம். "மலைக்கே 365, ஒற்றைப்படைதானே?" என்று கேட்டார். லீப் வருஷத்துக்கு என்ன பண்ணுவது என்று கேட்க வாய் வந்தது. அவர் இருந்த நிலைமையில் இன்னொரு படி கட்டிவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

தை மாதம் கிரகப்பிரவேசம். பசுமாடு டைல்ஸில் வழுக்கும் என்று கோணி விரித்தார்கள். மாடு கோணியைத் தின்னப் பார்த்தது. கீழே ஒரு கூடம், ஒரு அறை. மாடியில் இரண்டு அறை. பெரியவனுக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று, பாட்டிக்குக் கீழறை. "உங்களுக்கு?" என்றேன். "எனக்கென்ன சார், எங்கயாவது" என்று கையை வீசினார். கை சுவரில் பட்டது.

அப்புறம் ஆடி வந்தது. வீடு பெரிசாகிவிட்ட சேதி நகரி, புத்தூரோடு நிற்காமல் அதற்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறது. இந்தத் தடவை தலை எண்ணிக்கை 51. போன தடவை வந்த அந்த நாலு பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், ஒரு அறை பத்தாது என்றார்கள்.

சாப்பாடு முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு அவரைத் தேடிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கூடத்தில் ஆள் தாண்டி ஆள், படிக்கட்டில் படிக்கொரு மொட்டைத்தலை. மேலே மூலைக்கு மூலை தூண் கம்பிகள் நாலடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. துருப்பிடிக்காமல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருந்தார். மேஸ்திரி நீட்டிய கம்பியில் ஒரு மாதம்தான் போனது. இவர் நீட்டியிருக்கிற கம்பி என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கம்பிகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து அரோகரா சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"மருமகளுக்கு நாள் தள்ளியிருக்காம் சார்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அவர் எழுந்து சட்டைப் பையில் கைவிட்டார்.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க சார்."