தொரப்பள்ளியில் இரண்டு, கண்டீரவாவில் ஒன்று

கேள்வி: பொருளாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். அரசியலில் தாராளவாதி, கர்நாடக இசைப் பிரியன், கால்பந்துப் பித்தன். ஷிப்டும் ஓவர்டைமுமாக ஓடும் இந்த ஊரில் மூன்றையும் பேச ஆளே இல்லையா?
- ஒரு மாணவர், ஓசூர்

பதில்: பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ஒருவரிடம் உங்கள் மூன்றில் இரண்டு இருந்தன. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கி, 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்' என்று நேருவின் பொருளாதாரத்தை வறுத்தெடுத்தார். 1967-ல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து தம் பழைய காங்கிரஸையே கோட்டையிலிருந்து இறக்கினார். அரசாங்கத்திடம் குறை காணாத நாளே இல்லாத அந்த மனிதர்தான் எம்.எஸ். பாடிய 'குறை ஒன்றும் இல்லை'யை எழுதினார்! ஆனால் முழுத் தாராளவாதி என்று நம்பிவிடாதீர்கள். 1937-ல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் அன்று அதற்குள்தான். 1953-ல் பள்ளியை அரை நாளாக்கினார். மறு ஆண்டு முதல்வர் நாற்காலி போயிற்று. பர்மிட்டைத் திட்டியவரின் ஊருக்குப் பக்கத்தில் அரசே சிப்காட் போட்டுத்தான் தொழிற்சாலைகளை அழைத்தது என்பது தனி வேடிக்கை.

கால்பந்துக்கு அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரு போயாக வேண்டும். 2018 மார்ச் 17, கண்டீரவா அரங்கில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம். ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி கோல் போட்டும், பெங்களூருவை அதன் வீட்டிலேயே 3-2 என்று சாய்த்தது 'சென்னையின் எஃப்.சி.' அணி. அங்கே போகும்போது எந்த அணியின் சட்டை என்பதை ஓசூர் பஸ் நிலையத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த விஷயத்தில் தாராளவாதம் எடுபடாது.