கால்ஷீட் கேட்காத கதாநாயகர்கள்

பொங்கலூரில் கோயமுத்தூர் பஸ் ஏறினால் பல்லடம், சூலூர், சிங்காநல்லூர், ராமநாதபுரம் என்று திருச்சி ரோட்டிலேயே வரிசையாக வரும். அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் பாதி இந்த ரூட்டிலேயே பிறந்தது என்று சொன்னால் மெட்ராஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டுங்க. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது, ராமநாதபுரத்தில் சின்னப்பா தேவர் இருந்தார். சண்டைக்கு அவர் ஒருத்தர் போதும்.

1915-இல் பிறந்தவர். மில் வேலை பார்த்தார், சில்லறை வியாபாரம் பார்த்தார், மிச்ச நேரமெல்லாம் கர்லாக்கட்டை சுற்றினார். உடம்பு திரண்டதும் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' வந்து ஒட்டிக்கொண்டது. யூஜின் சாண்டோ என்ற பயில்வான் ஐரோப்பாவில் மார்பைப் புடைத்துக் காட்டிக் காசு பார்த்ததன் விளைவு, இங்கே புஜம் முறுக்கியவனெல்லாம் சாண்டோ ஆனான்.

அப்படிப்பட்ட உடம்பை சினிமா எதற்குப் பயன்படுத்தும்? அடி வாங்கத்தான். சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'ராஜகுமாரி' 1947-இல் வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன், அவரோடு மோதுகிறவர் நம்ம தேவர். சிநேகம் அங்கே இறுகியது. தேவரின் கணக்கும் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். அடிக்கிறவருக்குப் பெயர், அடி வாங்குகிறவருக்குத் தைலம், இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்குக் கார்.

1956-இல் தேவர் முதலாளி ஆனார். தேவர் பிலிம்ஸின் முதல் படம் 'தாய்க்குப்பின் தாரம்'. எம்.ஜி.ஆர்., பானுமதி, கூடவே ஒரு காளை. டைரக்‌ஷனுக்குத் தம்பி எம்.ஏ. திருமுகம். நடிகர், தயாரிப்பாளர், டைரக்டர் என்று மூன்று நாற்காலியிலும் தானே உட்கார்ந்து படத்தைப் பெட்டிக்குள் முடக்கிய மேதைகள் நம்மிடம் நிறைய. தேவர் மூன்றாவது நாற்காலியைக் குடும்பத்துக்குள்ளேயே கைமாற்றிவிட்டு, தன் படத்தில் தானே போய் அவ்வப்போது உதை வாங்கிக்கொண்டார்.

படம் ஓடியது, சிநேகம் நின்றது. எம்.ஜி.ஆருக்கும் தேவருக்கும் பேச்சில்லாமல் போய், ஏறக்குறைய ஐந்து வருஷம். வேறொருவராக இருந்தால் கதாநாயகன் வீட்டு வாசலில் காவல் கிடந்திருப்பார். தேவர் விலங்குகள் பக்கம் திரும்பினார். ரஞ்சனோடு குதிரை, உதயகுமாரோடு யானை. இந்தக் கதாநாயகர்கள் கால்ஷீட் கேட்பதில்லை, வசனத்தை மாற்றச் சொல்வதில்லை, கதாநாயகி யார் என்று விசாரிப்பதில்லை. காங்கேயம் காளைகளை நாள் பூராவும் பார்த்து வளர்ந்த கொங்கு ஜனம், திரையில் மாடு வந்ததும் விசில் அடித்தது. மாடு நன்றாக நடிக்கிறதா இல்லையா என்று விமர்சனம் எழுதவும் ஆளில்லை.

1961-இல் சமாதானம். 'தாய் சொல்லைத் தட்டாதே' தீபாவளிக்கு வந்து பிய்த்துக்கொண்டு ஓடியது. பிறகு பாருங்கள்: 'தாயைக் காத்த தனயன்', 'கன்னித்தாய்', 'தாய்க்குத் தலைமகன்'. தமிழ்நாட்டில் அம்மாவை இவ்வளவு சம்பாதிக்க வைத்த மகன் வேறு யாருமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஒரே பேட்டனை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்டுவாரே, அதே வேலை: அளவு மாறாது, கலர் மட்டும் மாறும். திருமுகம் டைரக்‌ஷன், கே.வி. மகாதேவன் மியூசிக், எம்.ஜி.ஆர். சண்டை. கதை எழுத 'தேவர் கதை இலாகா' என்று தனி டிபார்ட்மென்டே உண்டு. பூஜை போடும்போதே ரிலீஸ் தேதியும் முடிவாகிவிடும். எம்.ஜி.ஆர். படம் என்றால் எப்போது முடியும் என்று ஜோசியரைக் கேட்க வேண்டிய காலத்தில், 1962, 63, 64, 66, 67 என்று வருஷத்துக்கு இரண்டு படம் டெலிவரி கொடுத்தவர் இவர்.

1967 ஜனவரி 12-ஆம் தேதி நடிகர் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். மறுநாள் 'தாய்க்குத் தலைமகன்' ரிலீஸ். ஊரே ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நிற்க, தேவர் உள்ளே போய் அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தார் என்று சொல்வார்கள். இதைப் பாசம் என்பவர்களும் உண்டு, வியாபாரம் என்பவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே கல்லாப்பெட்டிதான். அந்த வருஷ தீபாவளிக்கு 'விவசாயி' வந்துவிட்டது.

இன்னொரு பார்ட்னரையும் சொல்ல வேண்டும்: மருதமலை முருகன். லாபத்தில் ஒரு பங்கு அவருக்கு என்று ஒதுக்கி, கோயிலுக்குத் திருப்பணி செய்தவர் தேவர். பார்ட்னர் என்றால் படத்திலும் வேஷம் தரவேண்டுமே? 1966-இல் 'தனிப்பிறவி'யில் தி.மு.க.வின் எம்.ஜி.ஆரே முருகன் வேஷத்தில் ஒரு பாட்டுக்கு வந்து நின்றார். பெரியாரும் அண்ணாவும் செய்ய முடியாததை எதிர்த்திசையில் செய்துகாட்டிய சாண்டோ! 'துணைவன்', 'தெய்வம்' படங்களில் சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியாரும் வந்தார்.

யானை விவகாரம்தான் உச்சம். 1967-இல் மேஜர் சுந்தரராஜனையும் யானைகளையும் வைத்து 'தெய்வச்செயல்' எடுத்தார். படம் படுத்துவிட்டது. புத்தியுள்ளவர் யானையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு கதை தேடியிருப்பார். தேவர் யானையை பம்பாய்க்கு ஓட்டிப் போனார். ராஜேஷ் கன்னா பணத்துக்காக ஒப்புக்கொண்டாலும் கதை அவருக்கே ஜீரணமாகவில்லை. செப்பனிட சலீம், ஜாவேத் என்று இரண்டு புதுப் பையன்களைப் பிடித்தார். 1971-இல் 'ஹாத்தி மேரே சாத்தி' இந்தியாவில் அந்த வருஷத்தின் மிகப்பெரிய வசூல். 'ஷோலே' எழுதிய கைகளுக்குப் பள்ளிக்கூடம் நம்ம ஊர் யானைப் படம்தான். அதே யானைக் கதையை 1972-இல் எம்.ஜி.ஆரோடு 'நல்ல நேரம்' என்று திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு கதையில் மூன்று தடவை பால் கறந்த மனுஷன்.

எம்.ஜி.ஆர். சினிமாவை விட்டு முழுநேர அரசியலுக்குப் போனதும் தேவர் கடையை மூடுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 1977-இல் ஓர் ஆடு பதில் சொன்னது. 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஸ்ரீப்ரியா, சிவகுமார் இருந்தார்கள் என்று போஸ்டரைப் பார்த்தால் தெரியும். ஜனம் ஆட்டைப் பார்க்கத்தான் வண்டி கட்டியது.

1978 செப்டம்பரில் தேவர் காலமானார். அப்போது தயாரிப்பில் இருந்தது மாப்பிள்ளை ஆர். தியாகராஜன் டைரக்‌ஷனில் ரஜினிகாந்த் படம். பெயர் 'தாய் மீது சத்தியம்', வேறென்ன? அக்டோபர் 30, தீபாவளிக்கு வந்தது. முதலாளி போன பிறகும் டெலிவரி தேதி தவறவில்லை.