ஒரு ரோஸ்ட், நெய் இல்லாம: ஊர் ஊராக வீகன் உணவு தேடுவது குறித்த சிற்றாய்வு

வெளியூர் போகும் வீகன் ஒருவர் பசியாறுவது எப்படி என்ற கேள்வியைத் தமிழ்ப் புலமை உலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். ரவா ரோஸ்ட்டை வகுக்காமல் விட்டுவிட்டார். அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் வரையறை. இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குபவர் வீகன். 1944-ல் இங்கிலாந்தில் சிலர் கூடி இதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் எவரும் கும்பகோணத்து மெஸ் ஒன்றில் தலைவாழை இலை முன் அமர்ந்தவர் அல்லர் என்று இவ்வாய்வாளர் துணிகிறார். அமர்ந்திருந்தால் சங்கம் அமைக்கும் யோசனையை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பார்கள்.

களத்தில் முதலில் தட்டுப்படுவது ஒரு முரண். அசைவ ஓட்டலில் வீகனுக்குக் கிடைக்கும் மரியாதை சைவ ஓட்டலில் கிடைப்பதில்லை. பிரியாணிக் கடையில் போய் "கறி வேண்டாம், முட்டை வேண்டாம், பால் வேண்டாம்" என்றால், சப்ளையர் அவரை நோயாளி என்றே முடிவு கட்டி, கனிவோடு இரண்டு இட்லிக்கு ஆள் அனுப்புவார். 'உயர்தர சைவம்' என்று பலகை மாட்டிய இடத்திலோ உரையாடல் வேறு விதமாகப் போகும்:

"இதுல பால், தயிர், நெய் எதுவும் இல்லல்ல?"

"சார், நம்ம கடையில எல்லாமே சுத்த சைவம் சார்."

"அது தெரியுது. பால் சமாச்சாரம் எதுவுமே வேணாம்."

"சரிங்க சார். அப்ப மோர் கொண்டாரட்டுமா?"

சப்ளையரைக் குறை சொல்வதற்கில்லை. அரசாங்கமே அவர் பக்கம்தான் நிற்கிறது. உணவுப் பொட்டலங்களுக்குக் கட்டாயமான பச்சைப் புள்ளி, பாலையும் நெய்யையும் சைவக் கணக்கில்தான் வைக்கிறது. வீகன் உணவுக்கென்று தனி விதிமுறைகள் 2022-ல் வந்தன. தனிச் சின்னமும் உண்டு. ஆனால் அது பொட்டலத்தின் மேல் அச்சாகும். பொங்கலின் மேல் அச்சாகாது. உலகப் பாலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கறக்கும் நாட்டில், அந்தப் பால் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அது வீகனின் தட்டுக்கு வந்து சேர்கிறது.

எப்போது வந்து சேர்கிறது என்பதை வைத்து உலக நகரங்களை இரண்டாகப் பிரிக்கலாம்: முதல் கரண்டி நகரங்கள், கடைசிக் கரண்டி நகரங்கள். டோக்கியோ முதல் வகை. அங்கே காய்கறி மட்டும் மிதக்கும் ஊடோன் கிண்ணத்திலும், அடிச்சாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனைச் சீவிப் போட்டு எடுத்ததாகவே இருக்கும். பானை அடுப்பில் ஏறியபோதே குற்றம் நடந்து முடிந்துவிடுகிறது. பயணி விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். மதுரையும் கோவையும் இரண்டாம் வகை. பருப்பு, சோறு, கூட்டு, பொரியல் என்று எல்லாம் குற்றமற்று இலையில் வந்து இறங்கும். அந்த நிமிடத்தில்தான் சின்னக் கிண்ணமும் கரண்டியுமாக ஒருவர் வரிசையின் கோடியில் தோன்றுவார். "ஒரு துளிதானுங்க" என்பார். அந்தத் துளியின் கொள்ளளவை அளக்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கடைசிக் கரண்டி நகரத்தில் ஒரு வசதி உண்டு: கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டித் தடுக்கலாம். தடுத்த கையிலேயே நெய் விழுந்த நிகழ்வுகளும் உண்டு. அவை புள்ளியியலில் சேரா.

தோசைக்கு இந்தத் தடுப்பு முறை செல்லாது. அது கண்ணுக்கு எட்டாத இடத்தில் வேகிறது. இங்கே ஆராய வேண்டியது சமையற்கட்டின் ஒலியியல். சப்ளையர் நடந்துகொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "ஒரு ரோஸ்ட், நெய் இல்லாம!" அதே நொடியில் கிரைண்டர் ஓடுகிறது, டபராக்கள் விழுகின்றன, இன்னொருவர் "மூணாம் டேபிளுக்கு ரெண்டு பூரி" என்கிறார். மாஸ்டரின் காதுக்கு 'ரோஸ்ட்' போகிறது, 'நெய்' போகிறது. 'இல்லாம' வழியிலேயே கரைந்துவிடுகிறது. தமிழில் மறுப்பு வால்பக்கம் வருவதால் நேரும் விபத்து இது. சாதா ரோஸ்ட்டுக்கு மூன்று சொட்டு விடும் மாஸ்டர், தனியாக நெய் என்று கேட்டுவிட்டபடியால் இதற்கு மனமுவந்து ஊற்றுகிறார். வேண்டாம் என்றவருக்கே அதிகம் கிடைக்கும் இவ்விளைவை அனுபவிக்காத வீகன் அரிது.

தீர்வு எளிது. 'நெய் இல்லாம' என்று கேட்பவர் தோற்கிறார். 'நல்லெண்ணெய் ஊத்தி' என்று கேட்பவர் வெல்கிறார். மாஸ்டருக்கு எதையாவது ஊற்றியாக வேண்டும். ஊற்ற ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் அவர் வேறொன்றைத் தேடுவதில்லை.

இதே விதி ஊர்களுக்கும் பொருந்துகிறது என்பதே இவ்வாய்வின் மையக் கருத்து. வேண்டாதவற்றை அடுக்கிக் கழித்துக் கழித்துக் கேட்க வேண்டிய ஊரில் வீகன் பட்டினி கிடக்கிறார்; தன் உணவுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும் ஊரில் அமோகமாகச் சாப்பிடுகிறார். அந்தப் பெயரைப் பெரும்பாலும் கொடுத்தது சமயம். அடிஸ் அபாபாவைப் பாருங்கள். பச்சை மாட்டிறைச்சியை விரும்பி உண்ணும் நாட்டின் தலைநகர் அது. ஆனால் எத்தியோப்பிய மரபுத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் புதன், வெள்ளிகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள்களிலும், வேறு பல காலங்களிலும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடுவதில்லை. 'யெத்சோம்' என்ற ஒரே சொல் போதும். நம் ஆப்பத்துக்கு அகலமான ஒன்றுவிட்ட அண்ணன் போன்ற புளித்த இஞ்செராவும், அதன் மேல் பருப்பும் கீரையும் கடலைமாவுக் குழம்புமாக ஒரு தாம்பாளம் வந்துவிடும். யாரும் "அப்ப மோர்?" என்று கேட்பதில்லை. பாங்காக்கில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் ஒன்பது நாள் விரத விழாவின்போது மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் இதே நிம்மதி. பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது என்பது கூடுதல் தண்டனை. அகமதாபாத்தில் நெய்யும் மோரும் ஆறாக ஓடினாலும், சமணர்களின் ஆயம்பில் விரதச் சாப்பாட்டில் பால், தயிர், நெய் கிடையாது. எண்ணெய், சர்க்கரை, காய்கறி ஆகியவையும் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.

தமிழ்நாட்டின் துயரம் இப்போது விளங்கும். இங்கே சஷ்டி ஆனாலும் ஏகாதசி ஆனாலும் விரதம் என்றால் பாலும் பழமும். அடிஸ் அபாபாவில் விரதம் பாலை விலக்குகிறது. இங்கே விரதம் பாலைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. ஆகவே விரதம் என்று சொல்லித் தப்பிக்க முயலும் வீகனுக்கு ஒரு சொம்பு பசும்பால் கிடைக்கும், அதுவும் சுண்டக் காய்ச்சியதாக.

எனினும் மாடு எட்டிப் பார்க்காத பெயர்கள் நம்மிடமும் உண்டு. அவற்றைத் தெரிந்துவைத்திருப்பவர் எவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மதுரைத் தெருவோரத்துப் பருத்திப்பால் பருத்திக்கொட்டையிலிருந்து எடுப்பது. கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, தேங்காய் சேரும். பாலாடைகளின் கூட்டணியான ஜிகர்தண்டா அதே ஊரில் கோலோச்சுவது வரலாற்றின் கிண்டல். திருநெல்வேலி அல்வாவில் நெய்யைத் தவிர்த்தால் மிஞ்சுவது பெட்டி மட்டுமே. ஆனால் அங்கிருந்து தென்கிழக்கே முதலூருக்குப் போனால் தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா இருக்கிறது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் கடலையும் வெல்லமும்தான். பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய், தேன் இரண்டும் உண்டு. பெட்டிக்கடைத் தேன்மிட்டாயில் பெரும்பாலும் தேனே கிடையாது, சர்க்கரைப் பாகுதான். பெயரில் பால் இருப்பதைக் குடித்து, பெயரில் தேன் இருப்பதைக் கடித்துக்கொண்டு ஒருவர் மாசற்ற வீகனாக மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறலாம். காப்பி வேண்டுமென்றால் வரக்காப்பி. "பால் இல்லாத காப்பி" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். ஒலியியல் பகுதியை நினைவில் கொள்க.

உறவினர் வீடுகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே கையை இலைக்குக் குறுக்கே நீட்டும் உத்தி பலிக்காது. கையை விலக்கிவிட்டு ஊற்றுவார்கள். நல்லெண்ணெய் உத்தியும் பலிக்காது. அதையும் ஊற்றி, இதையும் ஊற்றுவார்கள். "நெய்தானேப்பா, என்னமோ ஆட்டுக்காலை வச்ச மாதிரி பதறுறியே?" என்று கேட்கும் பெரியம்மாவுக்குப் பதில் சொல்லும் ஆய்வுமுறை இன்னும் உருவாகவில்லை. முயன்ற ஆய்வாளர்கள் எல்லாரும் இரண்டாம் முறை சோறு வாங்கியவர்களாகவே திரும்பியிருக்கிறார்கள்.